துறைமுகக் காவலன் கேட்ட பெயர்

ஹென்னிங்தான் எனக்குக் காது கொடுத்தவன். பேச்சுக்காகச் சொல்லவில்லை. காது கேட்கும் கருவி பொருத்துவதுதான் அவன் வேலை. நோர்ஷோப்பிங் தெருக்களில் காலமெல்லாம் டிராம் ஓட்டி மந்தமாகிப்போன என் காதில் கருவியை மாட்டிவிட்டு, "இப்ப எப்படிக் கேக்குது, குன்வோர்?" என்றான்.

"நல்லாத்தான் கேக்குது. உன் குரல் இவ்வளவு கீச்சுக் கீச்சுன்னு இருக்கும்னுதான் நான் நினைக்கலை."

விழுந்து விழுந்து சிரித்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் உனக்கு என்ன வேலை என்று கேட்டான். ஒன்றும் இல்லை என்றேன். அப்படித்தான் ஓய்வு பெற்ற கையோடு நான் வாள்வீரன் ஆனேன்.

விளையாட்டு இதுதான். மேசையைச் சுற்றி உட்காருவோம். ஒருவன் கதையை நடத்துவான். "முன்னால ஒரு காடு. உள்ளேயிருந்து புகை வருது" என்பான். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். என் பாத்திரம் என்ன செய்கிறது, என்ன பேசுகிறது என்பதை நான்தான் சொல்ல வேண்டும். செய்ய முடியுமா முடியாதா என்று சந்தேகம் வந்தால் பகடையை உருட்டுவோம். இதில் ஜெயிப்பவரும் இல்லை, தோற்பவரும் இல்லை. வெளியிலிருந்து எட்டிப் பார்க்கிறவர்களுக்கு, வளர்ந்த மனிதர்கள் காபியும் ஏலக்காய் ரொட்டியுமாக உட்கார்ந்துகொண்டு இல்லாத கடலில் மூழ்கித் தத்தளிக்கிற மாதிரி இருக்கும்.

ஆற்றங்கரையில் பழைய நெசவாலைக் கட்டடத்தின் மேல்மாடியில் எங்களுக்கு ஓர் அறை கிடைத்திருந்தது. ஹென்னிங் நடத்துவான். ஆடுகிறவர்கள் நாங்கள் நான்கு பேர். சிக்ஸ்டென் பல்கலைக்கழகத்தில் படிக்கிற பையன். என் பேரன் வயதுதான் இருக்கும், ஆனால் "ஏய் குன்வோர், ரொட்டியை இந்தப் பக்கம் தள்ளு" என்றுதான் பேசுவான். யில்வா தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறவள், நாற்பதை நெருங்கியவள், ஒவ்வொரு சொல்லையும் ருசி பார்த்துவிட்டுத்தான் வெளியே விடுவாள். அவள் தம்பி தாகெ அதற்கு நேர் எதிர். சிரிப்பு, சத்தம், கோபம் எல்லாமே அவனிடம் வாசலிலேயே நிற்கும். முன்பு பார்சல் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். குடித்துவிட்டு ஓட்டியதற்காக உரிமத்தைப் பிடுங்கிவிட்டார்கள். இப்போது ஒரு கிடங்கில் பெட்டி அடுக்குகிறான். மனைவி போய்விட்டாள், மகள் லூவா ஒருவாரம் விட்டு ஒருவாரம் சனி ஞாயிறுகளில் மட்டும் அவனிடம். இதையெல்லாம் அவனே சொல்லியிருந்தான். எவனோ போலீசுக்குப் போன் போட்டுக் காட்டிக்கொடுத்துவிட்டான் என்பதையும் சொல்லியிருந்தான். அதை அடிக்கடி சொல்வான்.

தொடக்கத்தில் எங்கள் ஆட்டம் சப்பென்று இருந்தது. ஹென்னிங் வாரம் முழுக்க மெனக்கெட்டுத் தடைகளைத் தயாரித்துக்கொண்டு வருவான். ஆறு. ஆற்றின்மேல் பாலம். பாலத்தடியில் பூதம். பூதத்தை ஒழித்தால் பூட்டிய கதவு. கதவைத் திறந்தால் ஓநாய்கள். சிக்ஸ்டென் மேசைக்கு அடியில் கைபேசியை நோண்டிக்கொண்டிருப்பான். ஒருநாள் எனக்கே பொறுமை போய்விட்டது.

"அந்தப் பூதத்துக்கும் எங்களுக்கும் என்னப்பா வாய்க்கா வரப்புத் தகராறு?" என்றேன்.

"வழியை மறிக்குது, குன்வோர்."

"அப்ப வேற வழியா போறோம்."

"வேற வழி கிடையாது."

"அப்ப வீட்டுக்குப் போறோம். பாலத்துக்கு அந்தப் பக்கம் எங்களுக்கு என்ன வச்சிருக்கு?"

ஹென்னிங் தன் குறிப்பேட்டைப் புரட்டினான். காது மடல் சிவந்துவிட்டது. தாகெ மேசையைத் தட்டிச் சிரித்தான். "கிழவி போட்டா பாரு ஒரு போடு!"

யில்வா மட்டும் சிரிக்கவில்லை. "பஸ்ஸுல ஏறப் போறேன். முன்னாடி ஒருத்தர் பையில கார்டைத் தேடிக்கிட்டு நிக்கிறார். அது தடையா?" என்று ஹென்னிங்கைக் கேட்டாள்.

"இல்லை. எரிச்சல்."

"அம்மா ஆஸ்பத்திரியில கிடக்கா. இந்த பஸ்ஸை விட்டா அவளை உயிரோட பாக்க முடியாது. இப்ப?"

ஹென்னிங் பேனாவைக் கீழே வைத்தான்.

"இப்ப அந்த ஆளு ஒரு மலை. அவர் மாறலை. எனக்கு என்ன வேணும்ங்கிறதுதான் மாறுச்சு. நீ எங்களுக்கு என்ன வேணும்னு ஒருநாளும் கேட்டதில்லை, ஹென்னிங். அதைக் கேளு. அப்புறம் அதுக்கும் எங்களுக்கும் நடுவுல எதையாவது கொண்டுவந்து வை. பூதமாத்தான் இருக்கணும்னு இல்லை."

அன்றிலிருந்து ஆட்டம் தலைகீழாக மாறியது. எங்கள் பாத்திரங்களுக்கு என்ன வேண்டும் என்று ஹென்னிங் ஒவ்வொருவரையும் கேட்டான். தாகெயின் பாத்திரம் ஒரு கப்பல் தலைவன். சுங்கக்காரர்கள் ஒரு ராத்திரி அவனுடைய கப்பலைப் பறித்துக்கொண்டு போய்விட்டார்கள், அது திரும்ப வேண்டும். யில்வா, மீரெல் என்கிற மாலுமி. எந்தக் கப்பலிலும் அவளை நம்பிச் சுக்கானைக் கொடுப்பதில்லை. ஒருவராவது நம்ப வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. நான் ஒரு கிழட்டு வாள்வீரன். நிராயுதபாணியை இனி வெட்டுவதில்லை என்று சபதம் எடுத்தவன், அந்தச் சபதத்தோடு சாக வேண்டும். சிக்ஸ்டென் ஒரு மந்திரவாதியிடமிருந்து தப்பியோடிய சீடன், குருவின் கையில் மறுபடி சிக்கக் கூடாது.

மறுபடியும் ஒரு பாலம் வந்தது. இந்த முறை அதைக் காத்தவன் ஆயுதமில்லாத ஒரு குருடன். கப்பல் எந்தத் திசையில் போனது என்று தெரிந்த ஒரே ஆள் அவன். சிக்ஸ்டென்னைக் குருவிடம் பிடித்துக் கொடுத்தால் சொல்கிறேன் என்றான். வெட்டினால் என் சபதம் போச்சு, விட்டால் தாகெயின் கப்பல் போச்சு, ஒத்துக்கொண்டால் சிக்ஸ்டென் போனான். அந்தப் பாலத்தைக் கடக்க எங்களுக்கு ஒரு மத்தியானம் முழுக்க ஆனது. கைபேசி எங்கே இருக்கிறது என்பதே சிக்ஸ்டென்னுக்கு மறந்துவிட்டது. நான் வீடு திரும்பும்போது டிராமில் நிறுத்தத்தைத் தவறவிட்டேன். நானே ஓட்டிய வழித்தடம் அது!

ஹென்னிங்குக்கு இந்தச் சுவை பிடித்துவிட்டது. எங்களைத் தனித்தனியாகக் காபிக்கு அழைத்துப் பேச ஆரம்பித்தான். பாத்திரத்துக்கு எதில் பயம், யாரை இழந்தால் தாங்காது என்று தொடங்குவான். அவன் கேட்கிற விதத்தில் ஒரு மருந்து இருந்தது. என் வாள்வீரனைப் பற்றிப் பேச உட்கார்ந்தவள், செத்துப்போன என் புருஷனைப் பற்றிப் பேசிவிட்டு எழுந்தேன். பாரம் இறங்கினது போலத்தான் இருந்தது.

யில்வாவும் அப்படித்தான் பேசியிருக்கிறாள். அவள் சொன்னது என்ன என்று எனக்குப் பிற்பாடுதான் தெரியும். ஆனால் அதை இங்கே சொல்லிவிடுவதுதான் முறை.

இரண்டு வருடங்களுக்கு முன் ஓர் ஆகஸ்ட் மாதம், கடலோரத்தில் அவர்கள் குடும்பத்துக் கோடைக் குடிலில் சிங்கி இறால் விருந்து. தாகெ மூக்குமுட்டக் குடித்திருந்தான். மனைவியோடு ஏதோ வாக்குவாதம். லூவா பின் இருக்கையில் தூங்கிக்கொண்டிருக்க, காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். குழந்தையைப் போர்த்திப் படுக்க வைத்தது யில்வாதான். லூவா, அப்பாவின் காரில்தான் தூங்க வேண்டும் என்று அடம்பிடித்தாளாம், விடிந்துதானே கிளம்பப் போகிறார்கள் என்று இவளும் படுக்க வைத்திருக்கிறாள். அவன் கிளம்பும்போது காரின் கதவைப் பிடித்துக்கொண்டு சாவியைக் கேட்டிருக்கிறாள். அவன் தள்ளிவிட்டுப் போய்விட்டான். சரளைக் கல்லில் விழுந்த இடத்திலிருந்தே போலீசைக் கூப்பிட்டாள். பெரிய பாலத்துக்கு முன்னால் காரை மறித்துவிட்டார்கள். ஒருவருக்கும் ஒரு கீறலும் இல்லை. உரிமம் போனது, வேலை போனது, மனைவி போனாள். கூப்பிட்டது யார் என்பது மட்டும் வெளியே வரவில்லை.

இதை யில்வா ஒரே ஒருவனிடம் சொன்னாள். "இது என்னோட புதைஞ்சு போகும்" என்று ஹென்னிங் அவள் கையைப் பிடித்துச் சொல்லியிருக்கிறான்.

கிறிஸ்துமஸுக்கு முந்திய ஞாயிறுகள் தொடங்கிவிட்டன. சன்னல்களில் விளக்குகள். நான் குங்குமப்பூ ரொட்டி சுட்டுக்கொண்டு போயிருந்தேன். மதியம் மூன்று மணிக்கே வெளியே இருட்டு கருந்திரை போட்டாயிற்று. அன்று ஆட்டத்தில் நாங்கள் கல்துறைக் கோட்டைக்கு வந்து சேர்ந்திருந்தோம். மாதக்கணக்காகத் தேடிய கப்பல் அந்தக் கோட்டைத் துறைமுகத்துக்குள் நிற்கிறது. நடுவில் இருப்பது ஒரே ஒரு கதவு, ஒரே ஒரு கிழட்டுக் காவலன்.

ஹென்னிங் குரலைக் கரகரப்பாக்கிக்கொண்டான். காவலனாகப் பேசினான். "கப்பலா? உள்ளேதான் நிக்குது. எடுத்துக்கிட்டுப் போங்க. எனக்குப் பொன்னும் வேணாம், பொருளும் வேணாம். ஒரே ஒரு பேரு போதும்."

"யார் பேரு?" என்றான் தாகெ, தன் கப்பல் தலைவனாக.

"அன்னிக்கு ராத்திரி உன் கப்பலை நாங்க எப்படிப் பிடிச்சோம்னு நினைக்கிற? குன்றுமேல நின்னு எவரோ விளக்கைக் காட்டிக் கூப்பிட்டாங்க. அந்த ஆள் பேரைச் சொல்லு. இல்லை, அந்த ஆளே சொல்லட்டும்." ஹென்னிங் எங்கள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தான். "ஏன்னா அந்த ஆளு இப்ப உன் பக்கத்துலதான் நிக்குது."

மறைப்பானேன், நான் கைதட்டிவிட்டேன். சிக்ஸ்டென், "ஐயோ, ஐயோ" என்று தலையைப் பிடித்துக்கொண்டான். நான்கு பேரின் ஆசையையும் ஒரே கதவில் ஆணி அடித்து வைத்திருந்தான் ஹென்னிங். யாராவது துரோகியாக வேண்டும். தாகெ பல்லெல்லாம் தெரிய எங்களைப் பார்த்தான். "எவன்டா அது? கிழவி, நீதானா?"

"என் வாள்மேல சத்தியமா நான் இல்லை" என்றேன்.

யில்வா தன் காபிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பாத்திரத்துக்குள் போய்விட்டாள் என்று நினைத்தேன்.

ஹென்னிங் நிறுத்தியிருக்கலாம். அந்த இடத்தில் நிறுத்தியிருந்தால்கூட ஒருவேளை தப்பியிருக்கும். ஆனால் மேசை முழுவதும் அவன் உள்ளங்கையில் இருந்தது, அந்த போதை அவனை விடவில்லை. "அந்த ஆளு பேராசைக்காகச் செய்யலை, தலைவா" என்றான் காவலன் குரலில். "உன் கப்பல்ல ஒரு குழந்தை தூங்கிட்டு இருந்துச்சு. மஞ்சள் கம்பளிக்கு அடியில. புயல் வருதுன்னு தெரிஞ்சும் நீ கிளம்பின. அதைப் பாத்துட்டுத்தான் விளக்கேத்தினாங்க."

"என் தலைவனுக்குக் குழந்தையே கிடையாதே" என்றான் தாகெ, இன்னும் சிரிப்பு மாறாமல்.

"உனக்குத் தெரியாமலே ஏறின குழந்தை." ஹென்னிங் மெல்ல யில்வா பக்கம் திரும்பினான். "மீரெல், காவலன் உன்னையேதான் பாக்கிறான். என்ன செய்யற?"

யில்வா கோப்பையை இறுகப் பிடித்தாள். அவள் கழுத்தில் சிவப்புத் திட்டுகள் ஏறுவதை நான் பார்த்தேன். தாகெயும் பார்த்தான். அவன் சிரிப்பு ஒரு பக்கமாக அப்படியே நின்றுபோனது.

"மஞ்சள் கம்பளி" என்றான். பிறகு, "ஹென்னிங், அதை உனக்கு யார் சொன்னா?"

"ஆட்டத்துக்குள்ள பேசு, தாகெ."

"ஆட்டத்தை ஓரமா வை. லூவா அன்னிக்கு கார்ல இருந்தான்னு இங்க ஒருத்தர்கிட்டயும் நான் சொன்னதில்லை. வெக்கமா இருந்துச்சு, சொல்லலை. அந்தக் கம்பளி என்ன நிறம்னு போலீஸ்காரனுக்குக்கூட ஞாபகம் இருக்காது." அவன் குரல் தாழ்ந்துகொண்டே போனது. அவனிடம் அப்படி ஒரு குரல் இருப்பதே எனக்குத் தெரியாது. "அவளைப் போர்த்தினது ஒரே ஒரு ஆளுதான்."

யில்வா கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

"நான்தான்" என்றாள் யில்வா. "நான்தான் கூப்பிட்டேன், தாகெ."

அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தேன். நாற்காலியை உதைப்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் அக்காவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ஹோல்கெர்தான் போட்டுக்குடுத்தான்னு சொன்னேனே" என்றான். ஹோல்கெர் அவர்களுடைய குடிலுக்கு அடுத்த குடில்காரர், வயதானவர். "உன் சமையல்கட்டுல உக்காந்து எத்தனை தடவை சொன்னேன். அந்த ஆளு படகை அவுத்துவிட்டேன். பாறையில மோதித் தூள் தூளாச்சு. அதையும் உன்கிட்டதான் வந்து சொன்னேன். நீ என்ன சொன்ன?"

"தாகெ…"

"'இருக்கலாம்'னு சொன்ன. ஹோல்கெரா இருக்கலாம்னு சொன்ன. நீ போன் பண்ணினதைக் கேக்கலை அக்கா. அது சரியோ தப்போ, போகட்டும். அந்த 'இருக்கலாம்' இருக்கு பாரு." அவன் எழுந்தான். கோட்டை எடுத்தான். ஹென்னிங்கைப் பார்த்து, "இவனுக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்குத் தெரியாம இவனுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றான். படிகளில் அவன் காலடிச் சத்தம் கீழ்வரை கேட்டது.

யில்வா பின்னாலேயே ஓடினாள். சற்று நேரத்தில் தனியாக, தலையெல்லாம் நனைந்த பனியோடு திரும்பி வந்தாள். உட்காரவில்லை.

"ஏன்?" என்று கேட்டாள்.

ஹென்னிங் பகடைகளைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தான். ஒன்று தவறித் தரையில் உருண்டது, அவன் அதை எடுக்கவில்லை. "அவன் கண்டுபிடிப்பான்னு நான் நினைக்கவே இல்லை. எல்லாத்தையும் மாத்தித்தானே வச்சேன். கார் கப்பலாச்சு, போன் விளக்காச்சு…"

"கம்பளி கம்பளியாவே இருந்துச்சு."

"அது… அந்த இடத்துக்கு அது பொருத்தமா இருந்துச்சு, யில்வா. நீ சொன்னப்ப எனக்கு அப்படியே கண்ணு முன்னால நின்னுச்சு. நீதானே சொன்ன, எங்களுக்கு என்ன வேணுமோ அதுக்குக் குறுக்கே வைன்னு."

"மீரெலுக்கு என்ன வேணும்னு சொன்னேன். எனக்கு நடந்ததை உன்கிட்ட சொன்னேன். உன் ஆட்டத்துகிட்ட சொல்லலை."

"நீ ரெண்டு வருஷமா அதைச் சுமந்துக்கிட்டுத் திரியற. ஆட்டத்துக்குள்ள மீரெல் ஒத்துக்குவா, தலைவன் மன்னிப்பான். பாத்திரம் மன்னிச்சா மனசு லேசாகும்னு நினைச்சேன். உனக்கு நல்லதுன்னுதான்…"

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, ஹென்னிங்."

"கேட்டிருந்தா நீ வேண்டாம்னு சொல்லியிருப்ப."

சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவனுக்கே உறைத்தது. அந்த ஒரு வாக்கியத்தை அவன் என்ன விலை கொடுத்தாலும் திரும்ப எடுத்திருக்க முடியாது.

"அப்ப தெரிஞ்சுதான் செஞ்சிருக்க" என்றேன் நான்.

யில்வா என்னைத் திரும்பிப் பார்த்தாள். சற்று முன் கைதட்டியவள் நான். அந்தப் பார்வையில் அதுவும் இருந்தது. ரொட்டியைக் கட்டி எடுத்துக்கொள்ளவும் தோன்றாமல் வெளியே வந்தேன்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் இல்லை. சிக்ஸ்டென் ஹென்னிங்கின் செய்திகளுக்குப் பதில் போடுவதை நிறுத்திவிட்டான். யில்வா என் வீட்டுக்கு வர ஆரம்பித்தாள். முதல் தடவை வந்தபோது, நான் வாய் திறப்பதற்கு முன்னாலேயே, "நீ கைதட்டினதுல எனக்குக் கோபம் இல்லை. ஆட்டம் நல்லாத்தான் இருந்துச்சு. அதுதான் எனக்குத் தாங்கலை" என்றாள். அன்றைக்குத்தான் அந்த ஆகஸ்ட் மாதத்தைப் பற்றி முழுதாகச் சொன்னாள்.

தாகெ அவள் அழைப்பை எடுக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு லூவாவுக்கு அவள் அனுப்பிய பரிசு போய்ச் சேர்ந்ததா என்றுகூடத் தெரியவில்லை. "ஹென்னிங் ஒரு தடவை துரோகம் செஞ்சான். நான் ரெண்டு வருஷமா தினமும் செஞ்சுக்கிட்டிருந்தேன். யாரை நான் குத்தம் சொல்ல?" என்பாள். பிறகு அவளே, "ஆனாலும் குத்தம் சொல்றேன். அவனை நம்பினேன்" என்பாள். இரண்டும் உண்மையாகத்தான் இருந்தன.

ஈஸ்டர் விடுமுறையில் கோத்தன்பர்க்கில் இந்த மாதிரி ஆட்டக்காரர்களெல்லாம் கூடுவார்கள். ஒரு பள்ளிக்கூடத்தை எடுத்துக்கொண்டு வகுப்பறை வகுப்பறையாக ஆடுவார்கள், பேசுவார்கள். சிக்ஸ்டென் நிகழ்ச்சி நிரலைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தான். "ஏய் குன்வோர், ஹென்னிங் பேசறான். தலைப்பு என்ன தெரியுமா? 'ஆடுகிறவரைத் தொடுகிற தடை.'"

யில்வாவிடம் சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு, சொல்லாமல் இருப்பதன் லட்சணத்தைத்தான் பார்த்தாயிற்றே என்று சொல்லிவிட்டேன். "நானும் வரேன்" என்றாள்.

வகுப்பறை நிறைந்து வழிந்தது. நாங்கள் கடைசி வரிசையில், உயரமான இரண்டு பேருக்குப் பின்னால் உட்கார்ந்தோம். ஹென்னிங் நன்றாகப் பேசினான். பூதம் பாலத்தை மறித்த கதையைச் சொல்லித் தன்னையே கேலி செய்துகொண்டான், எல்லோரும் சிரித்தார்கள். பஸ்ஸில் கார்டைத் தேடுகிற ஆளைச் சொன்னான், தானே யோசித்ததைப் போல. பிறகு அவன் குரலைத் தணித்துக்கொண்டு, "என் மேசையில ஒரு அக்காவும் தம்பியும் இருந்தாங்க" என்று ஆரம்பித்தான்.

பெயர் சொல்லவில்லை. ஊர் சொல்லவில்லை. ஆனால் கதவு இருந்தது, காவலன் இருந்தான், விளக்கு இருந்தது. நிஜத்திலும் அந்த அக்காதான் தம்பியைக் காட்டிக்கொடுத்தவள் என்பதையும் சொன்னான்.

"அவ ஒத்துக்கிட்டா" என்றான். "அந்தத் தம்பி எழுந்து வந்து அவளைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டான். ரெண்டு பேரும் மேசையிலேயே அழுதாங்க. ஒரு தடை என்ன செய்ய முடியும்னு அன்னிக்குத்தான் எனக்குப் புரிஞ்சுது."

கைதட்டல். முன்வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். யில்வா எழுந்து நின்றாள். யாரும் அவளுக்கு வாய்ப்பு கொடுக்கவில்லை, அவளாகவே பேசினாள்.

"அந்த அக்காகிட்ட முன்னாடியே அனுமதி கேட்டியா, ஹென்னிங்?"

அவன் அவளை அப்போதுதான் பார்த்தான். கையில் இருந்த தண்ணீர்க் குவளையை எங்கே வைப்பது என்று தெரியாமல் வைத்துக்கொண்டே நின்றான். தலைகள் எங்கள் பக்கம் திரும்பின.

"இல்லை" என்றான்.

"முடிவையாவது கேட்டுட்டுச் சொல்லியிருக்கலாம். தம்பி கட்டிப்பிடிக்கலை. கோட்டை எடுத்துக்கிட்டுப் போயிட்டான். இன்னும் வரலை."

அவள் வரிசையைவிட்டு வெளியேறினாள். பின்னால் நானும் சிக்ஸ்டென்னும். கதவைத் தாண்டும்போது உள்ளே யாரோ ஒருவர், "அப்ப, அடுத்த கேள்வி…" என்று இழுத்ததும், அதற்கு எவரும் பேசாமல் இருந்ததும் காதில் விழுந்தன.

வெளியே சாரல். பள்ளிக்கூட வாசலில் சாசேஜ் வண்டி. வண்டிக்காரன் உருளைக்கிழங்கு மசியலை மேலே அப்பி ரொட்டியில் வைத்துக் கொடுத்தான். மூன்று பேரும் நின்றுகொண்டே சாப்பிட்டோம். "நீ பேசினது பிரமாதம்" என்றான் சிக்ஸ்டென். யில்வா தலையாட்டவில்லை. கடுகுச் சாந்து வழிந்த விரலைத் துடைத்துக்கொண்டே, "நல்லாத்தான் இருந்துச்சு, இல்லை?" என்றாள்.

"எது?"

"அவன் சொன்ன முடிவு. கேட்டுட்டு இருந்தப்ப ஒரு நிமிஷம் நான் நம்பிட்டேன்."

அப்போதுதான் அவள் அழுதாள். அத்தனை மாதங்களில் நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

ஹென்னிங் பின்னர் அவளுக்கு நீளமாக ஒரு செய்தி அனுப்பினான். மன்னிப்புதான், உள்ளதைச் சொன்னால் மன்னிப்பு மாதிரி ஒன்று. அவனுக்கு எவ்வளவு வலிக்கிறது என்பதே அதில் பாதிக்குமேல் இருந்தது. யில்வா அதைப் படித்துக் காட்டிவிட்டு அழித்துவிட்டாள். வேறு ஏதோ குழுவுக்கு அவன் இப்போதும் நடத்துகிறான் என்று கேள்வி. அவனுடைய ஆட்டங்கள் மிக நன்றாக இருப்பதாகவும் கேள்வி. அதை நான் சந்தேகப்படவில்லை.

மே மாதத்தில் ஒரு மத்தியானம் தாகெ அக்காவின் வீட்டுக்கு வந்தான். யில்வா இதை என்னிடம் அன்றைக்கே வந்து சொன்னாள். கிடங்குச் சட்டையோடு வாசலில் நின்றானாம். உள்ளே வா என்றதும் வந்தான், ஆனால் காலணியைக் கழற்றவில்லை. எங்கள் ஊரில் ஒருவர் காலணியோடு ஒரு வீட்டுக்குள் நிற்கிறார் என்றால், இருக்க வரவில்லை என்று பொருள்.

"ஹோல்கெரைப் போய்ப் பாத்தேன்" என்றானாம். "படகை அவுத்தது நான்தான்னு சொன்னேன். போன் பண்ணினது நீங்கன்னு நினைச்சு செஞ்சேன்னு சொன்னேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"'எனக்குத் தோணியிருந்தா நானும் பண்ணியிருப்பேன். தோணலை'ன்னார். இந்தக் கோடை முழுக்க அவர்கூட உக்காந்து ஒரு படகு செய்யப் போறேன்." சட்டைப் பொத்தானைத் திருகினான். "அன்னிக்குக் காரை எடுத்தப்ப என்ன நடந்ததுன்னு எனக்கு ஞாபகமே இல்லை, அக்கா. நீ கதவைப் பிடிச்சியாமே, ஹோல்கெர் சொன்னார். எல்லாத்தையும் சொல்லு. ஒண்ணு விடாம. ஹென்னிங் சொன்ன மாதிரி வேணாம்."

யில்வா சொன்னாள். சாவியைக் கேட்டது, அவன் தள்ளியது, சரளைக் கல், போன், பாலத்துப் பக்கம் நீல வெளிச்சம் சுழலுகிறதா என்று குடிலின் கூரைமேல் ஏறிப் பார்த்தது, அதன் பிறகு அவனிடம் சொல்ல வாயெடுத்து வாயெடுத்து நிறுத்திய ஒவ்வொரு தடவையும். அவன் சமையல்கட்டுச் சுவரில் சாய்ந்து நின்று கேட்டான். இவள் ஊற்றிவைத்த காபியைத் தொடவில்லை.

முடிந்ததும், "லூவா உன்னைக் கேட்டுக்கிட்டே இருக்கா" என்றான். "அடுத்த சனிக்கிழமை வந்து அவளை வெளியே கூட்டிட்டுப் போ. நான் அவளைக் கீழே கொண்டுவந்து விடறேன். எனக்கு இன்னும் உன்கூட உக்காந்து சாப்பிட முடியாது."

"சரி" என்றாளாம் யில்வா.

"எப்ப முடியும்னும் தெரியலை."

"சரி, தாகெ."

அவன் போன பிறகு, தரையில் அவன் காலணி விட்டுப்போன மண்ணைத் துடைக்காமல் அப்படியே விட்டுவிட்டு என் வீட்டுக்கு வந்திருந்தாள். சனிக்கிழமை லூவாவை எங்கே கூட்டிப்போகலாம் என்று என்னைக் கேட்டாள். அந்த வயதுப் பெண்களுக்கு என்ன பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது. அவளையே கேட்டுவிடு என்றேன்.